கடலுக்குப் போகாத இரண்டு மாதங்கள்

ஜனவரி 9

கடல்நீர்த் தொட்டியின் மோட்டார் மறுபடியும் மக்கர். காலை முழுவதும் அதோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று. குழாய்க்காரர் வந்து வடிகட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கைப்பிடி குஞ்சுச் சிப்பி. "நீங்க ஆராய்ச்சி பண்றது போதாதுன்னு இதுங்க வேற இங்க குடும்பம் நடத்துதுங்க மேடம்" என்றார்.

மத்தியானம் பூதம் தன் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பூதக்கண்ணாடி என்பதன் சுருக்கம்தான் பூதம். ஆள் என்னவோ அவரைக்காய்க்குக் கைகால் முளைத்த மாதிரிதான் இருப்பாள். ஆனால் மூக்கின்மேல் சோடாப்புட்டிக் கண்ணாடி. முப்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவள், எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஒப்பந்தத்தில் எண்ணிக்கை உதவியாளராக வந்து ஒரு வருடம் ஆகிறது. பட்டப்பெயர் வைத்தது நான்தான் என்று ஞாபகம். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்.

நோட்டில் ஒரு வருட எண்ணிக்கை. மாதாமாதம் படகில் போய்ப் பொடிக்கண் வலையை இழுத்துத் துடுப்புக்காலிகளைப் பிடித்துவர வேண்டும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். (என் வீட்டுக்காரர் 'கடல் பேன்' என்பார்.) முட்டையிடும் தாய்களைப் பொறுக்கி, புட்டிக்கு ஒன்றாக இருபது புட்டிகளில் விட்டு, ஒரு நாள் கழித்து முட்டைகளை எண்ணுவது. புட்டிக்குள் ஒரு வலைத்தட்டு உண்டு. முட்டை அதன் வழியே கீழே இறங்கிவிடும். இல்லாவிட்டால் பெற்றவளே தின்றுவிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலைதான், சரிபார்ப்பதற்காக மறுபடி. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை அது. பெரிய கண் வலையில் நழுவிப் போய்விடுகிற இந்தப் பொடிசுகள்தான் வெப்பக்கடல் ஓரத்தில் பெரிய உற்பத்தியாளர்கள். ஆறு சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் மாதங்களில்கூடத் தளராமல் முட்டையிடுகின்றன. ஆகவே அப்போதும் மீன்குஞ்சுகளுக்குத் தீனிப் பஞ்சம் இல்லை. இப்படி எழுதியிருந்தேன்.

பத்து மாதங்களில் அவள் எண்ணும் என் எண்ணும் அண்ணன் தம்பி போல ஒத்துப்போகின்றன. மிச்சம் இரண்டு மாதம். ஒரு தாய்க்கு ஒரு நாளில் அக்டோபரில் ஏழு முட்டை, நவம்பரில் ஐந்து. என் கட்டுரையில் இருபத்திரண்டு, இருபத்தொன்று.

"இந்த ரெண்டு மாசம் மட்டும் இடிக்குது மேடம்" என்றாள்.

"வெச்சிட்டுப் போ. பாக்கறேன்."

ஜனவரி 10

பார்க்க என்ன இருக்கிறது?

ஜனவரி 12

எழுதித் தொலைக்கிறேன். இந்த நோட்டிலாவது.

மூன்று வருடத்துக்கு முன், அந்த அக்டோபரில் படகு ஏறினேன். முகத்துவாரத்தைத் தாண்டுகிற இடத்தில் ஒரு அலை பக்கவாட்டில் அறைந்தது. படகு சாய்ந்தது. கவிழவில்லை. சாய்ந்தது, அவ்வளவுதான். படகுக்காரர் ஒன்றும் நடக்காதது போலத் திருப்பி நேராக்கினார். நான் பலகையைக் கட்டிக்கொண்டு அலறியிருக்கிறேன். என் சத்தம் எனக்கே வேறு யாரோ கத்துவது மாதிரி கேட்டது. "திருப்புங்க, திருப்புங்க" என்றேன். திருப்பினார்.

அதற்கப்புறம் அந்த மாதம் போகவில்லை. நவம்பரிலும் போகவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். கடல் ஆராய்ச்சியில் பதினேழு வருடம். கடலைக் கண்டால் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சமையல்காரன் நெருப்புக்குப் பயப்பட்ட கதை.

செப்டம்பர் எண்ணையும் டிசம்பர் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள இரண்டு மாதத்தை நிரப்பினேன். நாற்பது புட்டிக்கும் நாற்பது எண். பதினெட்டு, இருபத்தேழு, இருபது, இருபத்திரண்டு... எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஒரு புட்டிக்குப் பூஜ்யம் வைத்தேன். அந்தப் பூஜ்யத்தை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. மற்றதெல்லாம் பயந்தவள் செய்த காரியம். பூஜ்யம் வைத்தவள் பயந்தவள் இல்லை. உட்கார்ந்து யோசித்து வைத்தவள்.

ஜனவரி 17

கூட்டம். இயக்குநர், நான், பூதம், இன்னும் மூன்று பேர். இயக்குநர் இரண்டு அட்டவணைகளையும் திரையில் போட்டார்.

"பத்து மாசம் சரியா இருக்கு, ரெண்டு மாசம் மூணுல ஒரு பங்குதான். கலங்கல் தண்ணியில முட்டை கண்ணுக்குத் தப்பியிருக்கும். அனுபவம் வேணும் இதுக்கெல்லாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க மேடம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூதமும் பார்த்தாள். நம்பிக்கையோடுதான் பார்த்தாள்.

"பழக்கம் போதாதுன்னு நினைக்கிறேன் சார்."

சொன்னேன். என் வாயால். யாரும் கழுத்தைப் பிடித்து அழுத்தவில்லை.

ஜனவரி 18

காலையில் அவளே என்னிடம் வந்தாள். "கோபமெல்லாம் இல்ல மேடம். நான் எங்க தப்பு பண்றேன்னு பக்கத்துல உக்காந்து காமிச்சீங்கன்னா திருத்திக்குவேன்."

உட்கார்ந்தேன். நுண்ணோக்கி முன்னால் இரண்டு மணிநேரம். புட்டியை மெல்லச் சாய்த்து, வலைத்தட்டை எடுத்து, அடிநீரை எண்ணும் தட்டில் ஊற்றி, புட்டியை மூன்று முறை அலசி அந்த நீரையும் ஊற்றினாள். நான் இரண்டு முறைதான் அலசுவேன். ஒவ்வொரு வரிசையாக, உதடு அசையாமல் எண்ணினாள். அவள் எண்ணியதை நானும் எண்ணினேன். இருபத்துமூன்று, இருபத்துமூன்று. பதினாறு, பதினாறு. முப்பது என்று நான் சொன்ன இடத்தில் அவள் முப்பத்தொன்று என்றாள். திரும்பப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.

"இதுல எங்க மேடம் தப்பு?"

"வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் குறைச்சு வெச்சுப் பாரு" என்றேன்.

வெளிச்சத்தைக் குறைத்தாள். 'வெளிச்சம் — குறைக்க' என்று நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 24

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ராத்திரி, துணி மடித்துக்கொண்டிருந்தோம். முழுக்கச் சொன்னேன், பூஜ்யம் வரைக்கும். அவர் மருந்துக்கடை வைத்திருப்பவர்; எண்ணுவதுதான் அவருக்கும் பிழைப்பு.

ரொம்ப நேரம் ஒரு சட்டையையே நீவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஒரு மாத்திரை குறைச்சுக் குடுத்தா மறுநாளே வந்து சண்டை போடுவாங்க. உன் பேன் வந்து கேக்காதுல்ல, அதான் இவ்வளவு நாள் ஓடிடுச்சு."

திட்டியிருக்கலாம். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"தெரியலை."

"அந்தப் பொண்ணு?"

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜனவரி 31

பூதத்தின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இன்று கடைசி நாள். சல்லடைகளை எல்லாம் நன்னீரில் கழுவிக் காயவைத்து, பொடிக்கண் வலையில் இருந்த ஒரு பொத்தலை நைலான் நூலால் தைத்துவிட்டுத்தான் போனாள். போகும்போது, "ஏதாவது மனசு நோகும்படி நடந்திருந்தா மன்னிச்சிடுங்க மேடம்" என்றாள்.

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை எனக்கு.

பிப்ரவரி 6

மீனவர் சங்கச் செயலாளர் வந்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள், கணீர்க் குரல். படியேறி வந்த மூச்சிரைப்போடு ஒரு கண்ணாடிக் குப்பியை என் மேசையில் வைத்தார். மருந்துநீரில் ஊறிய மீன்குஞ்சுகள்.

"ரெண்டு வருசமா நவம்பர்ல குஞ்சுங்களைக் கடல்ல விடுறோம். நீங்க சொன்ன மாசம்தான். குஞ்சு பொரிக்கிற தொட்டியில ராப்பகலா காவல் கெடந்து, புள்ள மாதிரி வளத்து விடுறோம். ஒண்ணு தேறி வரலியே! விட்ட நாலாம் நாள் இதுங்களைப் புடிச்சு வெச்சேன். என்ன நோவுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்க கையில தப்பா, தண்ணியில தப்பான்னு தெரியணும்."

கட்டுரையை வைத்து நான்தான் பரிந்துரை எழுதிக் கொடுத்திருந்தேன். கலங்கல் நீரில் பெரிய மீன்களுக்குக் கண் தெரியாது; பொடித் தீனியோ குறையாது; ஆகவே நவம்பரில் விடுங்கள் என்று. யோசனை அழகாகத்தான் இருந்தது. அதில் பாதி என் கற்பனை.

அவரை உட்காரவைத்துவிட்டு ஒவ்வொரு குஞ்சாக எடுத்து வயிற்றைக் கீறிப் பார்த்தேன். பன்னிரண்டு குஞ்சு. எதிலும் நோய் அடையாளம் இல்லை. செவுள் சுத்தம். வயிறு — ஒன்றுமில்லை. பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை. ஒரு துடுப்புக்காலியின் கால்கூட இல்லை.

"என்னம்மா, நோவா?"

"நோய் இல்லைங்க. பட்டினி."

"பட்டினியா? தீனி நிறைய இருக்கும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"இன்னும் ரெண்டு சோதனை பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இன்னொரு பொய். சோதனையும் கிடையாது, மண்ணும் கிடையாது. "நல்லா பாருங்க, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் குப்பியை என்னிடமே விட்டுப் போனார்.

பிப்ரவரி 7

படகுத்துறைக்குப் போனேன். படகுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்தப் பழைய பயண நோட்டெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. "எந்த வருசம்னு கேக்கப்போறதில்ல மேடம். தெரியும்."

அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்துக் காட்டினார். அக்டோபர்: 'பாதி வழியில் திரும்பியது. வலை போடவில்லை.' நவம்பர்: 'போகவில்லை.' குண்டு குண்டான எழுத்து.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியே."

"நடந்ததை எழுதி வெச்சேன். யாராவது கேட்டா காட்டலாம்னு. யாரும் கேக்கல." கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பயந்தது தப்பில்ல மேடம். எனக்கும் பயம்தான். அந்த எடத்துல பயப்படாதவன் படகு ஓட்டக்கூடாது. அந்தப் பொண்ணும் போன அக்டோபர்ல வாந்தி எடுத்துக்கிட்டேதான் வலை இழுத்துச்சு."

அது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 10

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நேரே இயக்குநர் அறைக்குப் போனால் அங்கே ஒரு வார்த்தையில் கரைந்துவிடுவேன். அதனால் முதலில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். 'இந்த இரண்டு மாதங்களின் தரவு நான் இட்டுக்கட்டியது. கட்டுரையைத் திரும்பப் பெறக் கோருகிறேன்.' அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கதவைத் தட்டினேன். 

இயக்குநர் கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணு வருசம் ஆச்சு. இப்ப எதுக்கு இதைக் கிளப்பறீங்க? இந்த வருச எண்ணை வெச்சு 'இயற்கை மாறுதல்'னு ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சுபோச்சு."

"மீன்குஞ்சு செத்துக்கிட்டிருக்கு சார்."

"விடுற மாசத்தை மாத்திக்கச் சொல்லிடலாம். உங்க பேரு எதுக்கு கெடணும்?"

ஆய்வுக்கூடத்தின் பேரும்தான் என்பது அவர் சொல்லாமல் விட்டது. ஒரு கணம் — உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் — சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. கடிதத்தைத் திரும்பக் கூப்பிட வழியிருந்தால் கூப்பிட்டிருப்பேன்.

"அனுப்பிட்டேன் சார்" என்றேன்.

"அனுப்பிட்டுத்தான் வந்தீங்களா?"

"ஆமாம் சார். அப்புறம், அந்தப் பொண்ணு சரியாத்தான் எண்ணினா. நான்தான் கூட்டத்துல பொய் சொன்னேன்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "நீங்க போகலாம்."

பிப்ரவரி 11

அசதி. பன்னிரண்டு மணிநேரம் தூங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 14

சங்கக் கட்டடத்துக்கு நானே போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எழுதி வைத்துக்கொண்டு போனதை மடித்துப் பையில் போட்டுவிட்டு வாயால் சொன்னேன். கடலுக்குப் போகாமலே எண் எழுதினேன், அதை நம்பித்தான் நீங்கள் விட்டீர்கள் என்று.

யாரோ பின்னாலிருந்து, "படிச்சவங்க பண்ற வேலையா இது?" என்றார். செயலாளர் அம்மாள் கையமர்த்தினார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு வருசமா ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டிருந்தோம். தொட்டி காவல் இருந்தவன் தூங்கிட்டான்னு சொல்லி அவனைச் சங்கத்தை விட்டே தள்ளி வெச்சோம். ஞாபகம் இருக்கா?"



இன்னும் எத்தனை பேர்? நான் எழுதிய நாற்பது எண்ணுக்கு இன்னும் எத்தனை பேர்?

மார்ச் 4

விசாரணை முடிந்தது. பிரிவுத் தலைமை போயிற்று. ஐந்து வருடம் என் பெயரில் ஆய்வு நடத்த முடியாது. வேலையை விட்டு அனுப்பவில்லை. எண்ணும் மேசையில் உட்காரலாம். கட்டுரையின் மேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.

தேநீர் இடைவேளையில் நான் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். பாவம், எத்தனை நாள்தான் வெயிலைப் பற்றியே பேசுவார்கள்?

மார்ச் 15

பூதத்தின் வீட்டுக்குப் போனேன். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடம் கடிதம் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. கடிதம் கூடத்துடையது. நான் சொல்ல வேண்டியது வேறு.

மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஐந்தாறு டியூஷன் பிள்ளைகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பின்னறைக்கு அனுப்பினாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் மூக்கில் புதுக் கண்ணாடி.

"கூட்டத்துல நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தேன்.

"லெட்டர்ல இருந்துச்சு."

"நேர்ல சொல்லணும்னு..."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தை நான் பார்த்ததில்லை. இன்னும் சின்ன முகம்.

"அந்தக் கூட்டத்துக்கப்புறம் நான் எத்தனை கண் டாக்டர்கிட்ட போனேன் தெரியுமா? மூணு பேர். 'பவர் ஏறலியேம்மா, நல்லாத்தான் இருக்கு'ன்னாங்க. நான் நம்பலை. சண்டை போட்டுப் புதுசா கண்ணாடி மாத்தினேன். ரோட்டைத் தாண்டப் பயம். பிள்ளைங்க நோட்டைத் திருத்தினா ரெண்டு தடவை பாக்கறேன், மூணு தடவை பாக்கறேன். என் கண்ணையே நான் நம்பாம போயிட்டேன் மேடம்."

 மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் வாயில் போட்டு உருட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதை அங்கே வைக்க இடமில்லை.

"என்னை எதுனால பூதம்னு கூப்பிட்டீங்கன்னு நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?" என்றாள்.

"இல்ல."

"இனிமே கூப்பிடாதீங்க."

படியிறங்கும்போது பிள்ளைகள் உரக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 16

வீட்டுக்காரர் கேட்டார், "மன்னிச்சாங்களா?"

கேட்கவே இல்லை என்றேன்.

ஏப்ரல் 20

வந்துவிட்டார். ஆமாம், வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவரை இனி 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை. நேரில் 'நீ' என்று சொல்ல வாயும் வரவில்லை.

எண்ணும் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. இயக்குநரிடம் ஒரே நிபந்தனை போட்டிருக்கிறார். புட்டியின் மேல் தேதியோ மாதமோ இருக்கக்கூடாது. முட்டைகளை மருந்துநீரில் பதப்படுத்தி, பல மாதத்துப் புட்டிகளையும் கலந்து வைக்க வேண்டும்; மேலே வெறும் குறியீட்டு எண்தான். எந்த மாதத்துத் தண்ணீர் என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு புட்டியையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும்.

"எல்லாருக்கும் இதே விதிதான். எனக்கும்தான்" என்று பொதுவாகச் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. என் காது மட்டும் சுட்டது.

ஜூலை 2

அறுபதாவது புட்டி. முதுகுவலி. இந்தத் தடவை நிஜமாகவே.

அக்டோபர் 29

படகு போய் வந்திருக்கிறது. என்னையும் வருகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். காரணம் கேட்டதற்கு, பயமாக இருக்கிறது என்றேன். சரி என்று குறித்துக்கொண்டு இன்னொருவரை அழைத்துப் போனார்கள். அவ்வளவுதானா? மூன்று வருடத்துக்கு முன்னாலும் அவ்வளவுதான் இருந்திருக்குமா?

நவம்பர் 21

சங்கத்திலிருந்து ஆள் வந்து போனார். இந்த மாதம் குஞ்சு விடவில்லை, பிப்ரவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். தள்ளிவைத்த காவல்காரரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். அவர் இன்னும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

மத்தியானம் எண்ணும் மேசை. புட்டியில் வெறும் குறியீடு. ஆனாலும் அடியில் படிந்திருந்த சேற்றைப் பார்த்ததுமே எந்த மாதத்துத் தண்ணீர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். மூன்று முறை அலசினேன். எண்ணினேன். என் தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்தேன். அவர் எண்ணி அவர் தாளில் எழுதினார். இரண்டையும் திருப்பினோம்.

என்னுடையது ஐந்து. அவருடையது ஆறு.

"மறுபடி பாருங்க" என்றார்.

பார்த்தேன். தட்டின் விளிம்பில், ஒரு சேற்றுத் துணுக்குக்குக் கீழே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசிமுனையால் துணுக்கை நகர்த்தினேன். முட்டைதான்.

ஐந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்து, கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த புட்டியை என் பக்கம் நகர்த்தினார்.